கூலி, காகிதம், காவல் நிலையம்: சேலத்தில் ஆடல் கலைஞர்களுக்கும் பாலியல் தொழிலாளிகளுக்கும் துணை நிற்க வருபவர்களுக்கு

'உங்களை மீட்க வந்திருக்கிறோம்' என்று போய் நிற்காதீர்கள். ஆடல் பாடல் மேடையில் ஆடுகிற பெண்ணுக்கு உடனே வேண்டியது, போன வாரம் ஆடியதற்கு வரவேண்டிய பாக்கி. பாலியல் தொழிலில் இருப்பவருக்குப் பெரும்பாலும் ஓர் ஆதார் அட்டையோ, ரேஷன் கார்டோ, பிள்ளையின் பள்ளிக்கு ஒரு சான்றிதழோ வேண்டியிருக்கும். இதில் ஒன்றையாவது முடித்துக் கொடுத்தவரிடம்தான் மற்றதைப் பேசுவார்கள். உரிமை வகுப்பெல்லாம் அதற்கப்புறம்.

இரண்டு கூட்டத்தையும் ஒரே அறையில் உட்கார வைக்கவும் கூடாது. கரகம் தூக்குபவரும் ரெக்கார்ட் டான்ஸ் ஆடுபவரும் "எங்களை அந்தத் தொழிலோட சேத்துப் பேசாதீங்க" என்பார்கள். அது திமிர் அல்ல. சேர்த்துப் பேசியதால்தான் அவர்களுக்கு வாடகை வீடு கிடைப்பதில்லை. மறுபக்கம், பகலில் தொழில் செய்துகொண்டு சீசனில் மேடை ஏறுபவர்களும் உண்டு. அதை அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகக் கேட்காதீர்கள். திருநங்கைகள் இரண்டு பக்கமும் இருப்பார்கள்.

சட்டமும் இருவருக்கும் வேறு வேறு. மேடையில் ஆடுவது குற்றமே இல்லை. போலீஸ் கேஸ் போட்டால் பெரும்பாலும் ஆபாசம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 294-ஆம் பிரிவில் போடுவார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 296. மூன்று மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். பாலியல் தொழிலுக்கு 1956-ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டம். வயது வந்த பெண் தனியாக, தன் விருப்பத்தில் செய்வதை இந்தச் சட்டம் நேரடியாகக் குற்றமாக்கவில்லை. அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் குற்றமாக்கியிருக்கிறது: விபசார விடுதி நடத்துவது (பிரிவு 3), இன்னொருவரின் இந்த வருமானத்தில் வாழ்வது (4), ஆள் சேர்ப்பது (5), கோயில், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் செய்வது (7), வெளியில் நின்று அழைப்பது (8). பிரிவு 4 யாரைப் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா சம்பாதித்த காசில் கல்லூரிக்குப் போகும் 19 வயது மகனும் எழுத்துப்படி அதற்குள் வந்துவிடுவான்.

பதினெட்டு வயதுக்குக் கீழே ஒருவர் இருப்பது தெரிந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் விடுவதும் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அன்றைக்கே கூப்பிடுங்கள். கட்டாயப்படுத்தி வைத்திருப்பவர்கள் விஷயத்திலும் இதே வேகம் வேண்டும்.

கூலி நோட்டு

ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. கோடு போட்டு ஆறு கட்டம்: தேதி, ஊர், பேசிய தொகை, வாங்கிய முன்பணம், பாக்கி, பாக்கி தரவேண்டியவரின் போன் எண். ஆடி முடித்து வேனில் ஏறும்போதே எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதலாம் என்றால் மூன்று நிகழ்ச்சி சேர்ந்து குழம்பிவிடும். எழுதத் தெரியாதவருக்கு செட்டில் (ஆடல் குழுவில்) இன்னொரு பெண் எழுதிக் கொடுக்கலாம். செட்டு ஓனர் மட்டும் எழுதக் கூடாது, அதுதான் முக்கியம்.

நீங்கள் வைத்திருக்கும் பட்டியல் வேறு சங்கதி. அதில் பெயர், முகவரி, படம் எதுவும் வேண்டாம். ஆளுக்கு ஒரு வரிசை எண் மட்டும் போதும். எந்த எண் யாருடையது என்பது வேறோர் இடத்தில் இருக்கட்டும். தொண்டர்கள் பழக்க தோஷத்தில் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து எல்லோரையும் சேர்த்துவிடுவார்கள். ரெய்டில் ஒருவர் போன் போலீஸ் கைக்குப் போனால் குழுவில் உள்ள அத்தனை எண்ணும் போகும். கூட்டம் நடந்ததாகப் படம் எடுத்து நன்கொடையாளருக்கு அனுப்புவதும் இதே ரகம்தான். அந்தப் படம் ஒரு நாள் ஊருக்கு வந்து சேரும்.

ஒப்பந்தம்: எழுத்தில் பத்து வரி

நிகழ்ச்சிக்கு அனுமதி வாங்க வேண்டியது விழாக் குழு. ஆனால் அனுமதி இல்லையென்று போலீஸ் வந்து மைக்கைப் பிடுங்கினால் நஷ்டம் ஆடுபவர் தலையில் விழுகிறது. 'பாதி நேரம்தானே ஆடினீங்க' என்று பாதிக் கூலி. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரைதான் அனுமதி. வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல், அரசு தளர்த்தும் பண்டிகை நாட்களில் மட்டும் 12 மணி வரை போகலாம். இது தெரிந்துதான் ஒன்பது மணிக்கு மேடை போடுகிறார்கள். ஆகவே பேசும்போதே இதை எழுதிவிட வேண்டும்.

முத்திரைத்தாள் கொண்டு போனால் விழாக் குழு மிரண்டு வேறு செட்டைத் தேடும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போதும். குரல் பதிவு வேண்டாம், எழுத்தாக இருக்கட்டும். எடுத்துக்காட்டுக்கு இப்படி:

"அண்ணா, வணக்கமுங்க. ஆடி 18 அன்னைக்கு உங்க ஊர் நிகழ்ச்சி பேசினபடி: பொண்ணுங்க 4 பேர், ஆளுக்கு 2,500. முன்பணம் 1,000 வந்திருச்சு. பாக்கி 9,000 மேடை ஏறுறதுக்கு முன்னாடி. நேரம் 8 முதல் 10. போலீஸ் நிறுத்தினாலும் மழை வந்தாலும் முழுப் பணம். துணி மாத்த பூட்டுப் போட்ட அறை, கக்கூஸ், தண்ணி நீங்க பாத்துக்கணும். ரூபா நோட்டு குடுக்கறவங்க மேடைக்குக் கீழ இருந்து குடுக்கணும், மேல ஏறக் கூடாது. அந்த நோட்டு ஆடுறவங்களுக்கு. திரும்பி வர வேன் சேலம் வரைக்கும். சரின்னா ஓகேன்னு போடுங்க."

'ஓகே' என்ற அந்த ஒரு சொல்தான் ஒப்பந்தம். செய்தியை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள். வழக்கு என்று வந்தால் மின்னணுச் சான்றுக்கு, புதிய பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழோடு தர வேண்டியிருக்கும். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு போனால் வக்கீலே உதட்டைப் பிதுக்குவார்.

பாக்கி 'மேடை ஏறுறதுக்கு முன்னாடி' என்ற வரியை விட்டுக் கொடுக்கவே கூடாது. ஆடி முடித்த பிறகு பொருளாளர் எங்கே என்று கோயில் வாசலில் நின்று தேடினால், அவர் காலையில்தான் எழுந்து வருவார். வேன்காரர் காத்திருக்க மாட்டார்.

நோட்டு விஷயத்தில்தான் சண்டை அதிகம். ரூபாயை ரவிக்கையில் குத்த வருபவன் ஒருவன் வந்தால் பின்னால் பத்துப் பேர் வருவார்கள். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே சவுக்குக் கட்டை கட்டச் சொல்லுங்கள், குறைந்தது ஆறடி இடைவெளி. படிக்கட்டு மேடையின் பின்பக்கம் மட்டும் இருக்கட்டும். மகாராஷ்டிர டான்ஸ் பார்கள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், அன்பளிப்பு தரலாம், நோட்டை வாரி இறைக்கக் கூடாது என்றது. எழுத்து மூலமான ஒப்பந்தமும் வங்கிக் கணக்கில் சம்பளமும் வேண்டும் என்ற நிபந்தனையையும் ஏற்றது. அந்தச் சட்டம் நம் ஊருக்கு இல்லை. ஆனாலும் 'டான்ஸ் ஆடற பொண்ணுக்கு எதுக்கும்மா அக்ரிமெண்ட்' என்பவரிடம் சொல்ல ஒரு விஷயம்.

ஏற்காட்டு ரிசார்ட் பார்ட்டிகளுக்கு இன்னும் இரண்டு வரி சேருங்கள்: வண்டி கிளம்பும் நேரம், கூட வரும் ஆள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், நள்ளிரவில் பஸ் கிடையாது, சில எஸ்டேட் பக்கம் போனில் சிக்னலும் இருக்காது. 'காலையில போயிக்கலாம், ரூம் இருக்கு' என்பது அந்த நேரத்தில்தான் வரும். வண்டிக்காரரை விருந்து கொடுப்பவர் பேசக் கூடாது, ஆடப் போகிறவர்கள் பேச வேண்டும். வாடகையை மட்டும் அவர் தரட்டும்.

முன்பணக் கண்ணி

சீசன் இல்லாத மாதங்களில் ஓனர் கொடுக்கும் அட்வான்ஸ், வட்டியோடு சேர்ந்து அடுத்த வருடம் முழுக்கத் தீராமல் நிற்கும். வேறு செட்டுக்குப் போனால் ஆள் அனுப்புவார், ஆதாரைப் பிடித்து வைத்துக்கொள்வார். கடனுக்காக ஒருவரை வேறெங்கும் வேலைக்குப் போகவிடாமல் வைப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும், அது செங்கல் சூளைக்கு மட்டுமான சட்டம் அல்ல. மனு கோட்டாட்சியருக்குப் போக வேண்டும். மாவட்டத்தில் சேலம், ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி என்று நான்கு கோட்டம். ஏற்காடு வட்டம் சேலம் கோட்டத்தில் சேரும். மனுவில் 'ஏமாற்றிவிட்டார்' என்று எழுதாதீர்கள், அது போலீசுக்குத் தள்ளிவிடப்படும். எவ்வளவு வாங்கினார், எத்தனை நிகழ்ச்சி ஆடிக் கழித்தார், எங்கே போகவிடாமல் தடுத்தார்கள், எந்த ஆவணம் ஓனரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். கூலி நோட்டு இங்கேதான் கை கொடுக்கும்.

ஓனரோ விழாக் குழுக்காரரோ கை வைத்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான இடத்துக்கும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட உள்ளூர் புகார் குழுவுக்குப் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். வேலைக்காக முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் சட்டப்படி பணியிடம்தான். வேனில் நடந்ததற்குப் புகார் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அட்டைகள்

கரகம், ஒயில், தப்பாட்டம், தெருக்கூத்து என்று எது தெரிந்திருந்தாலும் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் சேர முயலுங்கள். 2007-இல் வந்த வாரியம். 18 வயதிலிருந்து சேரலாம். பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி, விபத்து, ஈமச்சடங்கு என்று உதவிகள் இருக்கின்றன. சேலத்திலேயே கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் இருப்பதால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. சினிமாப் பாட்டுக்கு மட்டும் ஆடுகிறவர்கள் 'நாட்டுப்புறக் கலை' என்ற சொல்லில் இடறி விழுவார்கள். அவர்களுக்கு அமைப்புசாராத் தொழிலாளர் பதிவான இ-ஷ்ரம்: வயது 16 முதல் 59, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இல்லாதவர், வருமான வரி கட்டாதவர். பதிவு இலவசம். ஆதாரில் இணைத்த போன் எண் கையில் இருக்க வேண்டும், பாதிப் பேர் அங்கேதான் நிற்கிறார்கள். எண் பழைய புருஷனுடையதாக இருக்கும். முதலில் ஆதார் மையத்தில் எண்ணை மாற்றிவிட்டு அப்புறம் போங்கள். சந்தேகத்துக்கு 14434.

பாலியல் தொழிலாளிகளுக்கு ஆதாரே பிரச்சினை. வாடகை ஒப்பந்தம் இல்லை, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டார். இதற்குத் தனி வழி இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் போட்ட உத்தரவுப்படி, மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநரோ தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அரசிதழ் அதிகாரியோ குறிப்பிட்ட படிவத்தில் சான்று தந்தால், முகவரிச் சான்று இல்லாமலே ஆதார் தரவேண்டும். அட்டையில் தொழிலைக் காட்டும் எந்தக் குறியீடும் இருக்கக் கூடாது என்றும் அதே உத்தரவு சொல்கிறது. நடைமுறையில், எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் வேலை செய்யும் அமைப்பு மூலமாகவோ மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகு மூலமாகவோ அந்தப் படிவம் போக வேண்டும். இ-சேவை மையத்தில் போய் 'பாலியல் தொழிலாளி ஆதார் வேணும்' என்று கேட்டு நிற்காதீர்கள். வரிசையில் இருக்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், கவுன்டரில் இருப்பவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை கொடுக்கச் சொல்லி 2021 டிசம்பரிலேயே அதே வழக்கில் உத்தரவு வந்துவிட்டது. நகல் எடுத்து மனுவோடு சேருங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். எண் இல்லாத மனு மனுவே இல்லை. மனுவில் தொழிலைக் குறிப்பிட வேண்டாம், 'தனித்து வாழும் பெண்' என்பதே போதும்.

ரெய்டு நடந்த இரவு

முதல் கேள்வி: எந்த நிலையம்? சேலம் மாநகரம் ஆணையர் கீழே, ஏற்காடு, ஓமலூர், ஆத்தூர் எல்லாம் மாவட்டக் கண்காணிப்பாளர் கீழே. கன்னங்குறிச்சி தாண்டி மலை ஏறினால் எல்லை மாறிவிடும். தப்பான நிலையத்தில் இரண்டு மணி நேரம் கெஞ்சிக்கொண்டு நிற்பது புதிதாக வருகிறவர்கள் தவறாமல் செய்யும் பிழை.

அடுத்தது, விபசாரத் தடுப்புச் சட்டத்தில் எந்தப் பிரிவு? 3, 4, 5 என்றால் கேஸ் விடுதி நடத்தியவர் மீது, பெண் பாதிக்கப்பட்டவராக எழுதப்பட்டிருக்கலாம். 7, 8 என்றால் அவரே குற்றவாளி. முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) நகலைக் கேளுங்கள்.

ரெய்டே முறையாக நடந்ததா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 15-ஆம் பிரிவுப்படி தேடுதல் குழுவில் குறைந்தது இரண்டு பெண் போலீசார் இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் இரண்டு பேராவது சாட்சிக்கு வேண்டும், அதில் ஒருவராவது பெண். விசாரிப்பது பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினார்களா என்று அன்றே கேட்டு எழுதி வையுங்கள். ஆணுறையைச் சாட்சியாகக் காட்டினால், அது குற்றத்துக்கு ஆதாரம் ஆகாது என்று 2022 உத்தரவு தெளிவாகச் சொல்கிறது. முகத்தைப் பத்திரிகைக்குக் காட்டக் கூடாது என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது.

ஆனால் அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு 'கைது பண்ணவே கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு' என்று வாதாடாதீர்கள். பேப்பரில் அப்படித்தான் வந்தது. வயது வந்தவரைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது, ரெய்டில் கைது செய்யக் கூடாது என்பவை அந்த நீதிமன்றம் அமைத்த குழுவின் பரிந்துரைகள். மத்திய அரசு அவற்றுக்கு ஆட்சேபம் சொன்னதால், மாநிலங்கள் கட்டாயம் நிறைவேற்ற வேண்டிய பட்டியலில் அவை சேரவில்லை. இன்ஸ்பெக்டருக்கு அது தெரிந்திருந்தால் நீங்கள் சொல்லும் சரியான விஷயமும் எடுபடாமல் போகும்.

மூன்றாவது, 'ஃபைன் கட்டிட்டுப் போயிரும்மா' என்ற ஆலோசனை. பிரிவு 8-இல் ஒப்புக்கொண்டு ஐநூறு ரூபாய் கட்டினால் அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம்தான். ஆனால் அது தண்டனை. பதிவில் நிற்கும். அடுத்த முறை ஒரு வருடம் வரை சிறை. வக்கீல் வரும்வரை ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று ரெய்டுக்கு முன்பே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்க வேண்டும். அந்த இரவில் சொன்னால் காதில் ஏறாது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்ணுக்கு வருமானம் எதுவானாலும் வக்கீல் இலவசம். மாவட்ட அலுவலகம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில், சட்ட உதவி எண் 15100.

'மீட்கப்பட்டவர்' என்று எழுதினால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். 17-ஆம் பிரிவில் நீதித்துறை நடுவர் விசாரித்து, ஒன்று முதல் மூன்று வருடம் வரை காப்பகத்துக்கு அனுப்பலாம். முதலில் வயதுச் சான்று: பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார், எது கிடைத்தாலும் காலைக்குள் வேண்டும். அடுத்தது, 'நான் வயது வந்தவள், வீட்டுக்குப் போக விரும்புகிறேன்' என்பதை அவரே நடுவரிடம் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் பதிவாகாது. விசாரணைக்காக நன்னடத்தை அலுவலரை ஊருக்கு அனுப்பினால் குடும்பத்துக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஊரில் யாருக்கும் தெரியாது என்றால், விசாரணையை ரகசியமாக வைக்கும்படி வக்கீல் மூலம் முதல் நாளே மனுப் போடுங்கள். காப்பக உத்தரவு வந்தால் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு.

அடிபட்டால், பலாத்காரம் நடந்தால்

போலீசுக்கு முன்னால் ஆஸ்பத்திரி. பலாத்காரத்துக்கு ஆளானவருக்கு எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, எஃப்.ஐ.ஆர். கேட்காமல் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும், மறுப்பது குற்றம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஏற்காட்டில் நடந்தால் இரவென்று பார்க்காமல் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கு இறக்கிவிடுங்கள். துணியை மாற்றினாலும் துவைக்க வேண்டாம், காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் கட்டிக் கெட்டுவிடும். பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிட்டால் சகி என்ற பெண்கள் உதவி மையத்தில் தங்க இடம் கிடைக்கும். எச்.ஐ.வி. பரிசோதனையை அவர் சம்மதம் இல்லாமல் செய்யவோ முடிவை வெளியில் சொல்லவோ 2017-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது.

சங்கம்

ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். ஆடல் கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் சுலபம். பாலியல் தொழிலாளிகளுக்கு அந்தப் பெயரிலேயே போனால் அலுவலகத்தில் இழுத்தடிப்பார்கள். கொல்கத்தா சோனாகாச்சியில் 1995-இல் உஷா கூட்டுறவுச் சங்கம் தொடங்கும்போதும் உறுப்பினர்களுக்கு 'நன்னடத்தை' வேண்டும் என்ற விதியில்தான் முட்டியது, போராடித்தான் பதிவு வாங்கினார்கள். பெயரில் பிடிவாதம் பிடிப்பதா, மகளிர் சேமிப்புக் குழுவாகத் தொடங்குவதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். தலைவர், பொருளாளர் இரண்டும் அவர்களில் ஒருவர். நீங்கள் செயலாளர்கூட வேண்டாம், நடவடிக்கைப் புத்தகம் எழுதிக் கொடுங்கள், போதும்.

வேலையைத் தொடங்கும் காலம் பற்றி ஒன்று. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவை ஒட்டி ஊரெல்லாம் நிகழ்ச்சி பேசுவது ஆனியிலேயே முடிந்துவிடும். வாட்ஸ்அப் ஒப்பந்தத்தைச் சொல்லிக் கொடுக்க ஆடி பிறந்தபின் போனால் ஒருவருக்கும் உட்கார நேரமிருக்காது. வைகாசியில் போங்கள், நாற்பது பக்க நோட்டு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு.